சோடிப் பாடம்

நெடுந்தீவுக்கு மாற்றம் கிடைத்தது என்றதும் வேலணையில் எல்லாரும் என்னிடம் கடலைப் பற்றித்தான் பேசினார்கள். சோழகக் காற்று தொடங்கிவிட்டால் குடல் வாய்க்கு வரும், சத்தி எடுக்கப் பை கொண்டு போ என்றார்கள். எனக்கிருந்த கவலை வேறு. மடியில் ஒரு மட்டைப்பெட்டி. அதற்குள் இருந்த சாமான்களில் உப்புத் தண்ணீர் பட்டால் என் பாடு அதோகதி. குறிகட்டுவானில் படகு ஏறியதிலிருந்து தீவில் இறங்கும்வரை அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளிக்கூடம் தீவின் மேற்குக் கரையில் இருந்தது. முருகைக்கல் என்கிற பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில், மதிலுக்கு வெளியே பனை, பனைக்கு அப்பால் கடல். கரையில் ஒதுங்கி அழுகும் சாதாழைக் கடற்புல்லின் நாற்றம் வகுப்புக்குள் உரிமையோடு வந்து இருந்துகொள்ளும். காற்று ஓயவே ஓயாது. கதவுக்கும் கல் வைக்கவேண்டும், கடதாசிக்கும் கல் வைக்கவேண்டும். வந்த முதல் நாளே எனக்கு அந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அதில் புதினம் ஒன்றுமில்லை, எனக்கு எந்த இடத்திலும் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் பூட்டிப் பிறந்தவள் என்று அம்மா சொல்லுவா.

அதனால்தான் பிள்ளைகளை வாங்குப் பலகையில் இருத்தி வைத்துப் படிப்பிப்பதும் எனக்குப் பிடிக்காது. என் மட்டைப்பெட்டிக்குள் இருந்தது அதற்கான மருந்து. தீப்பெட்டி அளவுச் சின்னப் பெட்டிகள். ஒன்றைக் கிணற்றடியில் வைத்தேன், ஒன்றை வேம்பில் கட்டினேன், ஒன்றை மேற்கு மதிலில் ஒட்டினேன். பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கொரு வெள்ளை வில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு, அதாவது ஒரு சோடிக்கு, ஒரு போன். சோடியின் இரண்டு வில்லைகளும் சேர்ந்து பெட்டிக்குக் கிட்டப் போனால் புளூடூத் அலை அதைக் கண்டுகொள்ளும், போன் அந்த இடத்துக்குரிய பாடத்தைப் பேசத் தொடங்கும். தனியே போனால் வாய் திறக்காது. பிறகு போன் கேள்வி கேட்கும். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பதிலைச் சொல்லவேண்டும், குரல் பதிவாகும். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று என் லப்டொப்பில் பெயரோடு ஒரு வெளிச்சப் புள்ளி ஓடும்.

உண்மையில் அது நன்றாகவே வேலை செய்தது. கிணற்றடியில் நின்று கிணற்றைப் படித்தார்கள். மதிலைத் தடவிக்கொண்டு, அந்தக் கல் ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது என்பதைப் படித்தார்கள். புத்தகத்தைக் கண்டால் தலையிடிக்கிறது என்றவர்கள் இடைவேளையிலும் போனைக் கேட்டு நின்றார்கள். நான் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன்.

அதிபர் பரமலிங்கம் சேருக்கும் சந்தோசம். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்பதைத் தவிர அந்த மனிசனுக்கு வேறு பயம் கிடையாது. அந்தப் பயத்தால் வந்த ஒரு வழக்கம் அங்கே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் முதன்முதல் பேர் கூப்பிட்டபோது அது தெரிந்தது. கனடாவுக்குப் போன பிள்ளை, கிளிநொச்சிக்குப் போன பிள்ளை, யாருடைய பேரும் வரவு இடாப்பில் வெட்டப்படவில்லை. போன பிள்ளையின் பேரைக் கூப்பிட்டால் அந்த இடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை, தன் பேருக்குச் சொல்வதுபோலவே, "வந்திட்டன் ரீச்சர்" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனவை திரும்பி வரக்கூடும், அதுவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டு இருப்பம் என்றார் சேர். போனவர்களின் வில்லைகளையும் இருக்கிறவர்களே சேர்த்துப் போடட்டும், என் திட்டத்துக்குக் காசு தந்தவர்கள் கொழும்பிலிருந்து பார்க்கும்போது புள்ளிகள் நிறைவாக இருக்கும் என்பதும் அவருடைய யோசனைதான். பேர் கூப்பிடும் நேரத்தில் மதிலுக்கு வெளியே ஒரு பெண் ஆடுகளோடு வந்து நிற்பா, மேய்க்க வந்தவ என்று நினைத்துக்கொண்டேன்.

சோடி பிரித்தபோது, உயிரோடு முன்னால் நிற்கிற பிள்ளைகளை ஒருவரோடு ஒருவராகச் சேர்த்தேன். ஒருத்தி மிஞ்சினாள்.

துஷாந்தி. தாயோடு வவுனியாவிலிருந்து புதிதாக வந்தவள். தன் பேரைக் கூப்பிட்டால் காற்றுக்கு மேலால் கேட்காத அளவுக்கு மெல்லப் பதில் சொல்வாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. எங்களோடு மூன்றாவதாக அவளும் வரட்டும் என்று ஒரு சோடியாவது சொல்லும் என எதிர்பார்த்தேன். எல்லாரும் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இருக்கிற இடத்தில் முன்பு இருந்துவிட்டுப் போன பிள்ளையின் பேர் அஞ்சலா. வேறு வழியில்லாமல் அந்த வில்லையையே அவளுக்குச் சோடியாக்கினேன். இரண்டு வில்லையும் ஒரே கழுத்தில். போனுக்கு அது தெரியவா போகிறது?

கொஞ்ச நாளில் துஷாந்தி மாறினாள். வேம்படிக்கு ஓடுவாள், கிணற்றடிக்கு ஓடுவாள், தனியாகச் சிரிப்பாள். வாங்கிலில் ஒரு ஓரமாக ஒதுங்கி இருந்து எழுதுவாள். புலமைப்பரிசில் பயிற்சியில் அவள்தான் முன்னுக்கு வந்தாள். என் திட்டம் ஒரு பிள்ளையை உயிர்ப்பித்துவிட்டது என்று நானே எனக்கு முதுகில் தட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் புள்ளிகள் பிரிந்தன.

லப்டொப்பில் துஷாந்தியின் புள்ளி வேம்படியில் நின்றது. அஞ்சலாவின் புள்ளி மேற்கு மதிலடியில் நின்றது. வில்லையை எங்கேயோ எறிந்துவிட்டாள் என்று நினைத்து வெளியே போனேன். இரண்டு வில்லைகளும் அவள் கழுத்திலேயே கிடந்தன. மதிலில் பட்டுப் புளூடூத் அலை தெறித்திருக்கும், தகரக் கூரையும் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இந்தத் தொழில்நுட்பத்தில் அப்படி நடப்பதுதான்.

அடுத்த நாளும் பிரிந்தன. இம்முறை அஞ்சலாவின் புள்ளி முன்னால் போனது. துஷாந்தியின் புள்ளி அதன் பின்னால் போனது. நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

அலை தெறித்தால் புள்ளி துள்ளும். இப்படிக் கூட்டிக்கொண்டு போகாது.

அன்று பள்ளிக்கூடம் விட்டபின் கந்தோர் அறையில் இருந்து அவர்களுடைய குரல் பதிவுகளைக் கேட்டேன். கிணற்றடிப் பாடம். நல்ல தண்ணீர் எங்கே நிற்கிறது என்று போன் கேட்டது. மழைத் தண்ணீர் பாரம் குறைவு, ஆனபடியால் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்று துஷாந்தி அழகாகச் சொன்னாள். உப்புத் தண்ணீர் எங்கே என்று அஞ்சலாவிடம் கேட்டது. துஷாந்தியே குரலை மாற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது.

பிறகு காற்று நின்றுவிட்டது. அந்தத் தீவில் காற்று நின்றதை நான் கேட்டதேயில்லை. காதுக்குள் தண்ணீர் போனால் எல்லாச் சத்தமும் தூரமாகுமே, அப்படி ஒரு அமைதி.

"கீழை."

ஒரு பிள்ளையின் குரல். துஷாந்தியுடையது அல்ல.

"கீழை இருட்டு, ரீச்சர்."

நான் லப்டொப்பை மூடவில்லை. எழும்பி வாசலுக்கே வந்துவிட்டேன். வெயில் கொளுத்தியது. அன்று பின்னேரம் முழுக்க விறாந்தையில் மேலும் கீழும் நடந்தேன்.

மறுநாள் துஷாந்தியைத் தனியே கூப்பிட்டு, சோடியோடு பாடம் எப்படிப் போகிறது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அஞ்சலா நல்லாச் சொல்லித் தருகிறாள் என்றாள்.

"அவ உன்னோட கதைக்கிறவவோ?"

"முந்திக் கதைக்க மாட்டா ரீச்சர். வாங்கிலிலை பக்கத்திலை இருப்பா, அவ்வளவுதான். நீங்கள் சோடியாக்கின பிறகுதான் கதைக்கிறா."

"எங்கை கூட்டிக்கொண்டு போறவ?"

"அவவின்ர பெட்டி மதிலுக்கு அங்காலை கிடக்காம். அந்தப் பாடத்துக்கும் ரெண்டு பேர் வேணுமாம்."

மதிலுக்கு அங்கால் நான் எந்தப் பெட்டியும் வைக்கவில்லை. அங்கே இருப்பது கடல்.

சேரிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அஞ்சலா எந்த ஊருக்குப் போனவள் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணாடியைப் போடாமலேயே சொன்னார். அஞ்சலா ஊருக்குப் போகவில்லை. வத்து நேரத்தில், கடல் வற்றிக் கல் தெரிகிற நேரத்தில், சங்கு பொறுக்கப் போனவள். தண்ணீர் திரும்பி ஏறியபோது அவள் கரையில் இல்லை. தகப்பனும் படகுகள் வைத்திருக்கும் ஊர்ச் சம்மாட்டிகளும் தீவைச் சுற்றித் தேடியும் உடல் கிடைக்கவில்லை. தாய் மேரிஜோசப்பின் வந்து சேரின் காலடியில் விழுந்து, பேரை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டிருக்கிறா. சேருக்கும் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் நல்லதுதான். ஒவ்வொரு காலையும் ஆடுகளோடு மதிலுக்கு வெளியே வந்து நிற்கிற பெண் யாரென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகளின் பேரைக் கூப்பிடுவதையும், ஒரு குரல் வந்திட்டன் என்று சொல்வதையும் கேட்டுவிட்டுப் போகிறா.

எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையை அந்த வாங்கிலில் இருத்தி, இல்லாதவளுக்குப் பதில் சொல்ல வைத்திருக்கிறீர்களே என்று சத்தம் போட்டேன்.

"நாங்கள் ஒவ்வொரு நாளும் கூப்பிடுறம் ரீச்சர்," என்றார் சேர் மெல்ல. "வந்திட்டன் எண்டும் நாங்களே சொல்லுறம். பிள்ளை பிறகு எங்கை போறது?"

அந்தக் கையோடு போய்த் துஷாந்தியின் கழுத்திலிருந்து அஞ்சலாவின் வில்லையைக் கழற்றினேன். பற்றரியைப் பிடுங்கி, இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். துஷாந்தியை இன்னொரு சோடியோடு சேர்த்தேன். அவள் அழவில்லை. மேற்கு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை. கடைசிப் பாடநேரம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயரளவுக்குத்தான். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும். கைப்பையும் குடையுமாக அவர்கள் வெளிக்கிட்டால் பிள்ளைகள் முற்றத்தில் தம்பாட்டில் விளையாடுவார்கள். நானும் வேலணைக்குப் போகத்தான் வெளிக்கிட்டேன். லப்டொப்பை மூடப் போன கை அப்படியே நின்றது.

முற்றத்தில் புள்ளிகள் கலைந்து ஓடின. இரண்டு மட்டும் மதிலுக்கு வெளியே நின்றன.

ஒன்று துஷாந்தி.

மற்றது அஞ்சலா.

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். வில்லை வைத்த இடத்திலேயே கிடந்தது. பற்றரி தனியே கிடந்தது. திரும்பி லப்டொப்பைப் பார்த்தபோது இரண்டு புள்ளிகளும் ஒன்றாக மேற்கே நகர்ந்துகொண்டிருந்தன. என் பெட்டிகளின் அலை எட்டாத இடம் அது. அங்கே நிற்பதை லப்டொப்பால் காட்ட முடியாது. காட்டியது.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மதிலில் கல் சரிந்த கண்டாயத்து இடைவெளியால் ஏறி விழுந்து, பனைகளுக்குள்ளால் ஓடினேன். முழங்காலில் தோல் உரிந்தது பிறகுதான் தெரிந்தது. காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. துஷாந்தி என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடை இடுப்பளவில் மிதந்தது. அவசரமில்லாத நடை. வலது கையில் போனை நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தாள். இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன.

யாரோ ஒருவரின் கையைப் பிடித்திருக்கிற மாதிரி.

பாசி வழுக்கியது. நான் கிட்டப் போகும்போது தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பத்து வயதுப் பிள்ளை, கோழிக்குஞ்சுப் பாரம். ஆனால் கல்லில் கட்டியதுபோல நின்றாள். நான் இழுக்க இழுக்க அவளுடைய இடது தோள் மட்டும் முன்னால் இழுபட்டது.

அப்போது அவள் கையிலிருந்த போன் பேசியது. நானே என் குரலில் பதிந்து வைத்த வசனம்.

"இரண்டு பேரும் வந்துவிட்டீர்கள். பாடத்தைத் தொடங்குவோம்."

அடுத்த அலை எங்கள் இருவரின் தலைக்கும் மேலால் போனது. கண்ணைத் திறந்தபோது தண்ணீருக்குள் பச்சை வெளிச்சம். அதற்குள் துஷாந்தியின் கையைப் பற்றியிருந்தது ஒரு சின்னக் கை. விரல் நுனிகள் வெளிறி, ஊறிச் சுருங்கியிருந்தன. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

தலை வெளியே வந்ததும் எனக்கு வந்தது பயம் மட்டுமல்ல, இரக்கமும்தான். இந்தப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யத் தெரியாது. கூப்பிட்டார்கள், வந்தாள். சோடி கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டாள். வகுப்பில் கூப்பிடும் குரலில் கூப்பிட்டேன்.

"அஞ்சலா."

இழுவை நின்றது.

"அவளை விடு பிள்ளை. அவளுக்கு மூச்சு வேணும். என்னோட வா, நான் உனக்குப் படிப்பிக்கிறன். இனி நான்தான் உன்ர சோடி."

துஷாந்தியின் கை தளர்ந்து என்மேல் விழுந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். ஒரு கை அவளைப் பிடித்திருந்தது. மற்றக் கையை நான் பார்க்கவில்லை. கரை வரைக்கும் அது குளிர்ந்துகொண்டே இருந்தது.

துஷாந்தி நிறையத் தண்ணீர் கக்கினாள். பிறகு அம்மா என்று சத்தம் போட்டு அழுதாள். அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. சனி ஞாயிறு முழுக்க அவள் வீட்டு வாசலிலேயே கிடந்தேன்.

திங்கள் காலை நான் பேர் கூப்பிட்டேன். அஞ்சலாவின் பேரைக் கூப்பிடவில்லை. சேர் வகுப்பு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மதிலுக்கு வெளியே மேரிஜோசப்பின் காத்து நின்றா. ஆடுகள் நகர்ந்த பிறகும் நின்றா. நானே போய் நடந்ததைச் சொன்னேன். கத்துவா, மண் வாரித் தூற்றுவா என்று நினைத்தேன். நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவ என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தண்ணிக்குள்ளை இல்லைத்தானே ரீச்சர் இப்ப?" என்று மட்டும் கேட்டா.

இல்லை என்றேன். போதும் என்று தலையாட்டிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போனா. அன்றைக்கே இடைவேளையில் இரண்டு பெண்பிள்ளைகள் துஷாந்தியைத் தங்களோடு விளையாடக் கூப்பிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் ஓடினாள், விழுந்தாள், சண்டை பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டு இருப்பது நின்றுவிட்டது.

பெட்டிகளையெல்லாம் கழற்றினேன். அலை சரியாக எட்டவில்லை, காற்று உப்பு என்று கொழும்புக்கு ஒரு காரணம் எழுதிப் போட்டேன். வார இறுதியில் பின்னேரப் படகில் வேலணைக்குப் புறப்பட்டேன். கடல் வழமைபோலக் கொந்தளித்தது. சத்தி எடுத்தவர்கள் எடுத்தார்கள். எனக்கு அந்த வாரத்தில் முதன்முறையாகக் கண் அயர்ந்தது. என் பக்கத்தில் ஒருவர் இருக்க இடம் இருந்தது. நெருக்கி நின்ற சனத்தில் ஒருவரும் அதில் வந்து இருக்கவில்லை.

குறிகட்டுவானில் படகு இறங்குதுறையோடு மோதி மோதி விலகியது. படகுக்காரர் சந்தியோகு அண்ணை ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படியிலும் வைத்து ஆட்களைக் கைகொடுத்துக் கரைக்கு ஏற்றினார். எல்லாரும் போனபிறகு கடைசியாக என்னை ஏற்றிவிட்டார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"கவனம் பிள்ளை, வழுக்கும்," என்றார் பின்னால்.

எனக்குத்தான் சொல்கிறார் என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, இடுப்புயரத்துக்குக் கையைத் தாழ்த்தி, வெறும் படகுக்குள் நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்து மெல்லத் தூக்கிவிட்டார். பிறகு நிமிர்ந்து, பொறுப்பில்லாத தாயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"உந்தப் பிள்ளையை விட்டிட்டு எங்கை நடக்கிறியள் ரீச்சர்? கையைப் பிடியுங்கோ."

ஓடலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்குப் பின்னால் வேலணை பஸ் இரைந்துகொண்டு நின்றது. முன்னால் வெயிலில் காய்ந்த சீமெந்துப் படி. அதில் சின்னதாக இரண்டு ஈரப் பாதத் தடங்கள், என்னைப் பார்த்தபடி.

நான் கையை நீட்டினேன்.